ஆசனவாய்ல மெலனோமான்னு ரிப்போர்ட் வந்துருச்சு, அடுத்து என்ன பண்ணணும்?

தம்பி, நீங்க எழுதுனத முழுசா படிச்சேன். அப்பாவுக்கு 61 வயசு, ஆறேழு மாசமா வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்துருக்கு, வீட்ல யார்கிட்டயும் சொல்லல, கடைசில மூலம்னு நெனச்சு ஆபரேஷன் பண்ணி எடுத்த சதைய டெஸ்டுக்கு அனுப்புனா மியூகோசல் மெலனோமான்னு வந்துருச்சு, இப்ப டாக்டர் அடுத்த வாரமே ஆசனவாய மொத்தமா எடுத்துட்டு வயித்துல மலம் போறதுக்கு நிரந்தரமா பை வச்சுரலாம்ங்குறாரு, நெட்ல பாத்தா அஞ்சு வருஷம் தாண்டுறவங்க 20 சதவீதம்கூட இல்லன்னு போட்டுருக்கு. எவ்ளோ நாள் இருப்பாரு, பைக்கு ஒத்துக்கலாமா, எதனால வந்துச்சு, என்ன மருந்து இருக்கு. இதெல்லாம்தான் உங்க கேள்வி.

நான் புற்றுநோய் சர்ஜரி பக்கம் வேலை பாக்குறவன், அதனால ஆபரேஷனுக்கு எதிரான ஆளு இல்ல. ஆனா மொதல்ல சொல்ல வேண்டியது இதுதான்: ரத்தம் நிக்காம கொட்டுது, வெளிக்கு போகவே முடியாம அடைச்சுக்கிச்சுங்குற நெலம இல்லன்னா அடுத்த வாரம் அந்தப் பெரிய ஆபரேஷனுக்கு கையெழுத்துப் போடாதீங்க. ஸ்கேன், ஜீன் டெஸ்ட், இன்னொரு டீமோட கருத்து, இதுக்கு ஆகுற ரெண்டு மூணு வாரத்துல பெருசா எதுவும் கைமீறிப் போயிடாது. எடுத்த ஆசனவாய திரும்ப வைக்க முடியாது, அதனால எது முதல்ல, எது அடுத்துங்குற வரிசை இந்த நோய்ல ரொம்ப முக்கியம்.

மெலனோமான்னா வெளிநாட்டுக்காரங்களுக்கு வெயில்ல தோல்ல வர்ற கருப்பு மச்சம் மாதிரியான கேன்சர்னுதான் நெட்ல பாதி இடத்துல இருக்கும். நெறத்தக் குடுக்குற மெலனோசைட் செல் தோல்ல மட்டும் இல்ல, உடம்புக்குள்ள ஈரமா இருக்குற சவ்வுலயும் இருக்கு, மூக்குக்குள்ள, அண்ணத்துல, ஈறுல, ஆசனவாய்ல, மூத்திரக் குழாய்ல. அங்க இருந்து வர்றதுதான் மியூகோசல் மெலனோமா. வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, கட்டியோட மரபணுவ முழுசா படிச்சுப் பாத்தப்ப தோல் மெலனோமால நெறைய இருக்குற வெயில் பட்ட தடம் இதுல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. எதனால வருதுன்னு இன்னைக்கு வரைக்கும் உறுதியான காரணம் கிடையாது. காரமா சாப்புட்டதாலயா, டிரைவர் வேலைல உக்காந்தே இருந்ததாலயா, மூலத்த கவனிக்காம விட்டதாலயான்னு அப்பா தன்னையே நொந்துக்கிட்டு இருந்தா, இல்லப்பான்னு தைரியமா சொல்லுங்க. மூலம் மெலனோமாவா மாறாது. பிள்ளைங்களுக்கு வருமோன்னு பயப்படவும் இதுல பொதுவா ஒண்ணும் இல்ல.

இது எவ்ளோ அபூர்வம்னும் சொல்லிடுறேன். அமெரிக்காவுல ஆம்பளைங்கள்ல 10 லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 1.5 பேர் கணக்கு, பொம்பளைங்களுக்கு 2.8, அவங்களுக்கு பிறப்புறுப்புலயும் வர்றதால கூட. அங்க மொத்த மெலனோமால இது ஒண்ணு ஒன்றரை சதவீதம்தான், ஆனா சீனாவுல இருபது சதவீதத்துக்கு மேல. நம்ம ஊர்லயும் வெயில்ல வர்ற தோல் மெலனோமா கம்மிங்குறதால, வர்ற மெலனோமால உள்ளங்கால்ல வர்றதும் இந்த மாதிரி சவ்வுல வர்றதும்தான் கண்ணுல அதிகம் படும். ஆம்பளைங்களுக்கு மூக்கு சைனஸ், வாய், ஆசனவாய், அப்புறம் ரொம்ப அரிதா ஆணுறுப்போட மொட்டுலயும் மூத்திரக் குழாய்லயும் வரும். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைச்சு ரத்தம் வர்றது, ஆணுறுப்புல ஆறாத கருப்புத் திட்டு, மூத்திரத்துல ரத்தம், ஆசனவாய்ல ரத்தத்தோட ஒரு சின்ன கட்டி, இதெல்லாம்தான் ஆரம்பம். இந்த எடங்கள காட்டணும்னா ஆம்பளைங்க கூச்சப்படுறாங்க, பொண்டாட்டிகிட்டகூட சொல்லாம மெடிக்கல்ல மூலத்துக்கு களிம்பு வாங்கிப் போட்டுக்கிட்டு மாசக்கணக்குல ஓட்டுவாங்க. உங்க அப்பா மட்டும் பண்ணது இல்ல இது. டாக்டர்களும் சறுக்குற எடம்தான், ஏன்னா ஆசனவாய் மெலனோமால சுமார் மூணுல ஒண்ணு கருப்பாவே இருக்காது, செவப்பா சதை மாதிரி இருக்கும், பாத்தா அச்சு அசல் மூலம்தான்.

சரி, அந்த 20 சதவீதத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல 1973ல இருந்து 2003 வரைக்கும் ஆசனவாய் மெலனோமா வந்த 183 பேர வச்சு ஒரு கணக்கு பண்ணாங்க, அதுல அஞ்சு வருஷம் தாண்டுனவங்க, நோய் அந்த எடத்தோட நின்னுருந்தா 26.7 சதவீதம், பக்கத்து நெறிகட்டிக்கு போயிருந்தா 9.8, நுரையீரல் கல்லீரல்னு தூரமா போயிருந்தா யாருமே இல்ல. மோசமான கணக்குதான், நான் மறைக்க விரும்பல. ஆனா அந்த வருஷங்கள கவனிங்க. இப்ப இருக்குற இம்யூனோதெரபி, அதாவது நம்ம எதிர்ப்பு சக்திய கேன்சர் மேல ஏவி விடுற மருந்து, ஒண்ணுகூட அப்ப கிடையாது, முதல் மருந்து இபிலிமுமாப் அமெரிக்காவுல 2011லதான் அனுமதி வாங்குச்சு, பெம்ப்ரோலிசுமாப்பும் நிவோலுமாப்பும் 2014ல. அதனால நெட்ல நீங்க பாக்குற நெறைய நம்பர் அந்தக் காலத்து நோயாளிங்களோடது. இன்னொண்ணு, அந்த 26.7க்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல உங்க அப்பா எங்க நிக்குறாருன்னு இன்னும் யாருக்கும் தெரியாது, ஏன்னா நீங்க எழுதுனதுல ஸ்கேன் எடுத்ததா எதுவுமே இல்ல.

அதனால இந்த வாரம் பெட் சிடி, அதாவது உடம்பு பூரா நோய் எங்க இருக்குன்னு பாக்குற ஸ்கேன் எடுங்க, இடுப்புக்கு எம்ஆர்ஐ, மூளைக்கும் எம்ஆர்ஐ. மூளைக்கு எதுக்குன்னு கேப்பாங்க, தலைவலியே இல்லையேன்னு. மெலனோமா மூளைக்குப் போற பழக்கம் உள்ள நோய், அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே பாக்கணும். ரத்தத்துல எல்டிஹெச் பாருங்க, நோய் அதிகமா இருந்தா ஏறக்கூடிய ஒரு நம்பர் அது. தொடை இடுக்குல ரெண்டு பக்கமும் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, ஆசனவாயோட கீழ்ப்பகுதில இருந்து நோய் முதல்ல அந்த நெறிகட்டிக்குத்தான் போகும், சந்தேகமா இருந்தா ஊசி வச்சு டெஸ்ட் பண்ணிக்கலாம்.

அப்புறம் அந்த சதை டெஸ்ட் ரிப்போர்ட்ட எடுத்து வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க. எஸ்-100, சாக்ஸ்-10, எச்எம்பி-45, மெலான்-ஏ, இதெல்லாம் மெலனோமா செல்ல அடையாளம் காட்டுற சாய டெஸ்ட், இந்தப் பேர்ல ரெண்டு மூணுக்காவது நேரா பாசிட்டிவ்னு இருக்கணும், அப்பதான் மெலனோமாங்குறது உறுதி. எதுவுமே போடலன்னா அந்த ஸ்லைடயும், எடுத்த சதைய பதிச்சு வச்சுருக்குற மெழுகு பிளாக்கயும் வாங்கிட்டு பெரிய கேன்சர் ஆஸ்பத்திரி லேப்ல திரும்பப் பாக்கச் சொல்லுங்க, அது உங்க உரிமை, லேப்ல கேட்டா குடுப்பாங்க. அடுத்து கட்டி எத்தன மில்லிமீட்டர் ஆழம், ஓரம் அதாவது மார்ஜின் சுத்தமா இருக்கா, நரம்பச் சுத்தி பரவிருக்கான்னு பாருங்க. மூலம்னு நெனச்சு எடுக்கும்போது கட்டிய சுத்தி நல்ல சதையும் சேத்து யாரும் எடுக்க மாட்டாங்க, அதனால மார்ஜின் பாசிட்டிவ்னோ, அதாவது ஓரத்துல நோய் மிச்சம் இருக்குன்னோ, சொல்ல முடியலன்னோதான் பெரும்பாலும் வரும். அதப் பாத்து பதறாதீங்க, அந்த எடத்துல இன்னொரு சின்ன ஆபரேஷன் தேவைப்படும்னு அர்த்தம். ஸ்டேஜ் நம்பர் போடலையேன்னும் கவலப்படாதீங்க, ஆசனவாய் மெலனோமாவுக்குன்னு தனியா ஒத்துக்கிட்ட ஸ்டேஜ் முறை இல்ல, அந்த எடத்துல மட்டுமா, நெறிகட்டிக்கா, தூரமான்னுதான் பிரிப்போம். மூக்கு வாய்ல வந்தா மட்டும் தனி முறை இருக்கு, அதுல சின்னக் கட்டியா இருந்தாலும் கட்டியோட அளவுக் குறியீடு டி3ல இருந்துதான் ஆரம்பமே.

இப்ப பை விஷயம். ஆசனவாய மொத்தமா எடுக்குற ஆபரேஷனுக்கு ஏபிஆர்னு பேரு. ஒரு காலத்துல இதுதான் எல்லாருக்கும், பெருசா எடுத்தா நோய் வேரோட போகும்னு நம்புனாங்க. நான் மேல சொன்ன அதே அமெரிக்கக் கணக்குல ஏபிஆர் பண்ணவங்கள்ல அஞ்சு வருஷம் தாண்டுனது 16.8 சதவீதம், கட்டிய மட்டும் சுத்தி எடுத்தவங்கள்ல 19.3. அதாவது பெருசா எடுத்ததால ஆயுசு கூடல. அதே எடத்துல திரும்ப வர்றது ஏபிஆர்ல கொஞ்சம் கொறையுதுங்குறது உண்மை, ஆனா இந்த நோய் ஆள சாய்க்கிறது பெரும்பாலும் தூரமா பரவுறதாலதான், அது ஆபரேஷன் நடக்குற அன்னிக்கே கண்ணுக்குத் தெரியாத அளவுல ரத்தத்துல போயிருக்கலாம். அதனால இப்ப உலகம் பூரா பல டீம் மொதல்ல யோசிக்கிறது, சுத்தமான மார்ஜினோட கட்டிய மட்டும் எடுக்க முடியுமா, சுருக்குத் தசைய காப்பாத்த முடியுமான்னுதான். கட்டி பெருசா தசைக்குள்ள எறங்கிருந்தா, இல்ல சின்னதா எடுத்தா மலம் அடக்கவே முடியாதுங்குற நெலமன்னா அப்ப ஏபிஆர் சரியான முடிவு, அப்ப நானே அதத்தான் சொல்லுவேன், பையோட நல்லா நடமாடுறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. உங்க டாக்டர்கிட்ட நேரா கேளுங்க: சுத்தி மட்டும் எடுத்தா ஏன் பத்தாது? இதுக்கு அவர் எம்ஆர்ஐ படத்த காட்டிப் பதில் சொல்லணும்.

ஆம்பளைங்ககிட்ட இந்த ஆபரேஷனுக்கு முன்னாடி பேசாம விட்டுடுற ஒரு விஷயம் இருக்கு. இடுப்புக்குள்ள போற நரம்பு அந்த எடத்த ஒட்டித்தான் ஓடுது, ஏபிஆர்ல அது அடிபட்டா விறைப்பு போயிடலாம், மூத்திரம் போறதுல சிக்கல் வரலாம். 61 வயசு ஆளுக்கு இதெல்லாம் எதுக்குன்னு நெனச்சு பிள்ளைங்க முன்னாடி டாக்டரும் சொல்ல மாட்டாரு, அப்பாவும் கேக்க மாட்டாரு. நீங்க ரூம விட்டு பத்து நிமிஷம் வெளிய போங்க, அவங்க ரெண்டு பேரும் தனியா பேசட்டும். அவர் உடம்பு, அவர்தான் முடிவு பண்ணணும்.

கட்டிய மட்டும் எடுத்தா அந்த எடத்துக்கு கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கிறதும் ஒரு வழி. அமெரிக்காவுல எம்டி ஆண்டர்சன் ஆஸ்பத்திரில 5 முறையா மொத்தம் 30 கிரே (கதிர்வீச்சோட அளவு) குடுத்துப் பாத்தாங்க, அந்த எடத்துல நோய் திரும்பாம பெரும்பாலானவங்களுக்கு காப்பாத்துச்சு, பையும் வேண்டியிருக்கல. ஆயுச கூட்டுதான்னா அப்படி நிரூபணம் இல்ல. மூக்கு சைனஸ்லயும் இதே கததான், ஆபரேஷனுக்கு அப்புறம் கரண்டு வச்சா அந்த எடத்துல திரும்புறது கொறையும், அவ்ளோதான்.

இப்ப மருந்து. இதுல உங்களுக்கு யாரும் சொல்லாம விட்டுடக்கூடாதது ஜீன் டெஸ்ட். தோல் மெலனோமால பாதிப் பேருக்கு பிராஃப்ங்குற ஜீன்ல மாற்றம் இருக்கும், அதுக்கு மாத்திரை இருக்கு. மியூகோசல்ல அது பத்துல ஒருத்தருக்குக்கூட இருக்குறது கஷ்டம். ஆனா கிட்ங்குற ஜீன்ல மாற்றம் பத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு இருக்கும், ஆசனவாய்ல வர்றதுல அத கண்டிப்பா தேடணும். இருந்தா இமாட்டினிப் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு இருக்கு, குறிப்பா அந்த ஜீன்ல எக்ஸான் 11, 13ங்குற பகுதில மாற்றம் இருந்தா. ஆய்வுகள்ல கிட் மாற்றம் இருந்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு கட்டி நல்லா சுருங்குச்சு, பலருக்கு சில மாசத்துல மருந்த மீறி திரும்ப வளரவும் செஞ்சுச்சு, அதனால இது அற்புத மாத்திரை இல்ல. ஆனா நம்ம நாட்டுல இது கட்டுப்படியாகுற மருந்து, 2013ல சுப்ரீம் கோர்ட்டு நோவார்டிஸ் கம்பெனியோட பேட்டண்ட் கோரிக்கைய தள்ளுபடி பண்ணதால நம்ம ஊர் கம்பெனிங்க தயாரிக்கிறது கம்மி வெலைல கெடைக்குது. ஒரு எச்சரிக்கை, ரிப்போர்ட்ல சிடி-117 பாசிட்டிவ்னு இருந்தா அது கிட் மாற்றம் இருக்குன்னு அர்த்தம் ஆகாது, அது வெறும் சாயம் போட்டுப் பாக்குறது, ஜீன் வரிசைய படிச்சு சொல்ற டெஸ்ட் தனி. அதே மெழுகு பிளாக்குல இருந்தே பண்ணலாம், திரும்ப சதை எடுக்க வேண்டியதில்ல.

நோய் பரவிருந்தா இம்யூனோதெரபிதான் முதல். நிவோலுமாப் தனியா குடுத்தா மியூகோசல்ல நாலுல ஒருத்தருக்கு கட்டி சுருங்குச்சு, இபிலிமுமாப்பும் சேத்து குடுத்தா நூத்துல 37 பேருக்கு, இதே கூட்டு மருந்து தோல் மெலனோமால 60 பேருக்கு வேலை செஞ்சது. ஏன் இந்த வித்தியாசம்னா, வெயில் தடம் இல்லாததால இந்தக் கட்டில மாற்றங்கள் கம்மி, நம்ம எதிர்ப்பு சக்திக்கு இது அந்நியன்னு அடையாளம் தெரியறது கஷ்டம். ஆனா வேலை செஞ்சவங்கள்ல அது நீடிக்கிது. செக்மேட் 067ங்குற பெரிய ஆய்வுல மியூகோசல் இருந்த 79 பேர அஞ்சு வருஷம் கழிச்சு பாத்தப்ப, கூட்டு மருந்து எடுத்தவங்கள்ல 36 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, நிவோலுமாப் தனியா 17, இபிலிமுமாப் தனியா 7. சின்னக் கூட்டம்தான், இருந்தாலும் ஆபரேஷன்ல எடுக்க முடியாத அளவுக்கு போன நோயாளிங்க இவங்க, மேல சொன்ன பழைய கணக்குல அந்த மாதிரி ஆளுங்களுக்கு அஞ்சு வருஷத்துல பூஜ்யம். அந்தப் பூஜ்யம் இப்ப பூஜ்யம் இல்லங்குறதுதான் எனக்கு பெருசாத் தெரியுது.

இதோட பக்க விளைவு கீமோ மாதிரி முடி கொட்டி வாந்தி எடுக்குற ரகம் இல்ல. எதிர்ப்பு சக்திய கட்டவிழ்த்து விடுறோம், அது சொந்த உடம்பயே கடிக்க ஆரம்பிக்கலாம். மியூகோசல் நோயாளிங்கள்ல கூட்டு மருந்துக்கு பத்துல நாலு பேருக்கு கடுமையா வந்துச்சு, தனியா நிவோலுமாப்னா பத்துல ஒருத்தருக்கும் கம்மி. வீட்ல எப்படித் தெரியும்னா, மூணாவது டோஸ் முடிஞ்சு பத்து நாள் ஆயிருக்கும், ராத்திரி அஞ்சாறு தடவ தண்ணியா போகும், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சு பக்கத்து கிளினிக்ல பேதி நிறுத்துற மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் வாங்கிப் போட்டுட்டு மூணு நாள் ஓட்டிருவாங்க. அது குடல் அழற்சி, அன்னிக்கே ஸ்டீராய்டு ஆரம்பிச்சிருக்கணும், விட்டா குடல் ஓட்டையாகிற அளவுக்குப் போகும். மூச்சு வாங்குறது, கண்ணு மஞ்சளாகுறது, தாங்க முடியாத அசதி, தலைவலி, நெஞ்சு படபடப்பு, எதுவா இருந்தாலும் கேன்சர் டாக்டருக்கு போன் போகணும், ராத்திரி எந்த நம்பருக்கு கூப்புடணும்னு முதல் டோஸுக்கு முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க. தைராய்டும் சுகரும் ஒவ்வொரு டோஸுக்கும் பாக்கணும். நம்ம ஊர்ல காசநோய் பழசா இருந்து ஒளிஞ்சுருக்கும், ஸ்டீராய்டு ரொம்ப நாள் போனா கெளம்பிரும், அதனால ஆரம்பத்துலயே டிபி பாத்துருங்க. நாட்டு மருந்து, லேகியம் எதாவது சாப்புட்டுக்கிட்டு இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, கல்லீரல் நம்பர் ஏறுனா எதால ஏறுச்சுன்னு தெரியாம நல்ல மருந்த நிறுத்த வேண்டி வரும். டோஸ்லயும் ஒரு வழி இருக்கு, வழக்கமா இபிலிமுமாப் கிலோவுக்கு 3 மில்லிகிராம், நிவோலுமாப் 1, இத மாத்தி இபி 1, நிவோ 3ன்னு குடுத்தப்ப கடுமையான பக்க விளைவு 48ல இருந்து 34 சதவீதமா கொறைஞ்சது. செலவும் கொறையும். வயசானவங்களுக்கு இதக் கேட்டுப் பாக்குறதுல தப்பே இல்ல.

நோய் பரவாம கட்டிய முழுசா எடுத்தாச்சுன்னா அப்புறம் மருந்து வேணுமா? சீனாவுல 189 பேருக்கு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் சும்மா விட்டவங்களுக்கு நோய் திரும்ப வர்றதுக்கு ஆன காலம் நடுவாந்திரமா 5.4 மாசம், இன்டர்ஃபெரான்ங்குற பழைய எதிர்ப்பு சக்தி ஊசி குடுத்தவங்களுக்கு 9.4, டெமோசோலமைடும் சிஸ்பிளாட்டினும் கீமோவா குடுத்தவங்களுக்கு 20.8. ஆயுசும் 21 மாசத்துல இருந்து கிட்டத்தட்ட 49க்கு போச்சு. பழைய கீமோதான, கட்டுப்படியாகுறதுதான், ஆனா நம்ம ஊர்ல இதப் பத்தி பேச்சே எழறதில்ல. இப்ப நெறைய எடத்துல ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வருஷம் நிவோலுமாப்போ பெம்ப்ரோலிசுமாப்போ குடுக்குறாங்க. இன்னும் ஒரு படி மேல போயி, ஆபரேஷனுக்கு முன்னாடியே சில டோஸ் குடுத்துட்டு அப்புறம் எடுக்குறது. 2023ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, முன்னாடி பெம்ப்ரோலிசுமாப் குடுத்தவங்கள்ல ரெண்டு வருஷம் நோய் தொந்தரவில்லாம இருந்தது 72 சதவீதம், எல்லாத்தயும் ஆபரேஷனுக்கு அப்புறம் குடுத்தவங்கள்ல 49. அதுல இருந்தவங்க பெரும்பாலும் தோல் மெலனோமாக்காரங்க, மியூகோசல் கொஞ்சப் பேர்தான், அப்படியே நமக்குப் பொருத்திப் பாக்க முடியாது. ஆனா அடுத்த வாரமே ஏபிஆர் வேணாம்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், குறிப்பா நெறிகட்டிக்கு போயிருந்தா. சீனாவுல டோரிபாலிமாப்ங்குற இம்யூனோதெரபி ஊசியோட, கட்டிக்கு ரத்தக்குழாய் வளர்றத தடுக்குற ஆக்சிடினிப் மாத்திரைய சேத்து குடுக்குறாங்க, பரவுன மியூகோசல்ல 29 பேருக்கு குடுத்ததுல பாதிக்கு கொஞ்சம் கம்மியானவங்களுக்கு கட்டி சுருங்குச்சு. இபிலிமுமாப் ஒத்துக்காதுன்னா இதப் பத்தியும் டாக்டர்கிட்ட கேளுங்க.

காசு. இதுதான் நம்ம ஊர்ல பாதி முடிவ எடுக்குது, அது எனக்கு வலிக்கிற விஷயம். பெம்ப்ரோலிசுமாப்புக்கு 2023 மார்ச்ல சுங்கவரிய மத்திய அரசு எடுத்துச்சு, ஆனாலும் நடுத்தரக் குடும்பம் தாங்குற வெலை இல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆபரேஷன், கரண்டு, கீமோ எது எது அதுல வருதுன்னு ஆஸ்பத்திரில இருக்குற காப்பீட்டு கவுன்டர்ல எழுத்துல கேளுங்க. மருந்துக் கம்பெனிங்களோட உதவித் திட்டம் இருக்கான்னு டாக்டர் மூலமா கேளுங்க, நிலத்த விக்கிற பேச்சு அதுக்கு அப்புறம்தான். கம்மி டோஸ் நிவோலுமாப்னு கேள்விப்படுவீங்க, மும்பை டாடா மெமோரியல்ல தலை கழுத்து கேன்சருக்கு மூணு வாரத்துக்கு ஒரு தடவ 20 மில்லிகிராம் குடுத்து ஒரு வருஷம் உயிரோட இருக்குறவங்கள 16ல இருந்து 43 சதவீதமா கூட்டிக் காட்டுனாங்க, அருமையான வேலை. அது வேற நோய், மெலனோமால அப்படி ஒரு ஆய்வு நடந்து நிரூபணமாகல. முழு டோஸுக்கு வழியே இல்லன்னா டாக்டர் அதச் சொல்லலாம், அப்ப நிரூபணம் இல்லாத எடத்துல நடக்குறோம்னு தெரிஞ்சே ஒத்துக்கோங்க.

எங்க போறதுன்னா, அடையார் கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சிஎம்சி, முடிஞ்சா டாடா மெமோரியல், இந்த மூணுல ஒண்ணுலயாவது ட்யூமர் போர்டுல அப்பா கேஸ வைக்கச் சொல்லுங்க, அங்க சர்ஜன், மருந்து டாக்டர், கரண்டு டாக்டர், பேத்தாலஜிஸ்ட் எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசுவாங்க. ட்ரீட்மென்ட் உங்க ஊர்லயே எடுத்துக்கலாம், வழிய மட்டும் அங்க வாங்கிக்கலாம். வலி, தூக்கம் இதுக்கெல்லாம் வலி நிவாரண டீம ஆரம்பத்துலயே சேத்துக்கோங்க, கடைசிக் கட்டத்துக்குன்னு ஒதுக்கி வைக்காதீங்க.

இப்போதைக்கு ஸ்லைடும் பிளாக்கும் வாங்குங்க, பெட் சிடிக்கும் ரெண்டு எம்ஆர்ஐக்கும் தேதி போடுங்க, கிட், பிராஃப் டெஸ்டுக்கு பிளாக்க அனுப்பச் சொல்லுங்க, அடுத்த வார ஆபரேஷன் தேதிய தள்ளி வைக்க சர்ஜன்கிட்ட மரியாதையா பேசுங்க, நல்ல சர்ஜன் யாரும் இதுக்கு கோவப்பட மாட்டாரு. பெட் சிடில நெறிகட்டி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சதும் எழுதுங்க, அதப் பொறுத்து ஆபரேஷன் முதல்லயா மருந்து முதல்லயான்னு குறிப்பா சொல்றேன்.